கற்பிக்காமற் கட்டளையிடுவதா?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் ஒரு நிறைவேற்றுக் கட்டளையிற் கையொப்பமிட்டார். ஆங்கிலமே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசகரும மொழி என்பது அக்கட்டளையின் சாரம். அந்நாடு சுதந்திரப் பிரகடனஞ் செய்து 250 ஆண்டுகள் நிறைவெய்தும் தறுவாயில், அதன் சமஷ்டி அரசாங்கம் ஒரு மொழியை அரசகரும மொழியென்று பிரகடனஞ் செய்தது அதுவே முதற் றடவையாகும். ஆங்கிலம் அறியாத மக்களுக்கும் அரசாங்க சேவைகள் எட்டவேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஜனாதிபதி கிளின்டன் பிறப்பித்த கட்டளையும் அதே கையொப்பத்தாலே நீக்கப்பட்டது. ஆங்கிலங் கற்றவனுக்குப் பொருளாதார வாழ்வின் கதவுகள் திறக்கும் என்று புதிய கட்டளை புகழ்ந்துரைக்கின்றது. நல்லது. அதை நாமும் மறுக்கவில்லை.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். மே மாதத்தில் அதே ஜனாதிபதி காங்கிரசுக்கு அனுப்பிய 2026ஆம் ஆண்டு வரவு செலவுப் பிரேரணையில், வளர்ந்தோர் கல்விக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டுவந்த 72 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை முழுவதையும் ஒழித்துவிடலாம் என்று காணப்பட்டது. யூன் மாதக் கடைசி நாளில், யூலை 1ஆம் திகதி மாநிலங்களுக்குக் கொடுபடவேண்டிய வளர்ந்தோர் கல்விப் பணத்தைக் கல்வித் திணைக்களம் மறுபரிசீலனைக்கென நிறுத்திவைத்தது. காங்கிரஸ் ஏற்கெனவே சட்டமாக்கி ஒதுக்கிவிட்ட பணம் அது. மாநிலங்கள் கூக்குரலிட்டன, வழக்குகள் எழுந்தன, அம்மாத இறுதியிற் பணம் விடுவிக்கப்பட்டது. ஆயினும் செப்டெம்பர் மாத வகுப்புக்கு ஆசிரியரை நியமிக்கும் காலம் யூலை மாதமே என்பதைப் பாடசாலை நடத்தியவர் எவரும் அறிவர்.

கட்டளை ஒரு கருமம், பணம் வேறொரு கருமம். இரண்டையும் முடிச்சுப் போடுவது நியாயவாதிகளின் வழக்கம் என்று சிலர் நகைக்கக்கூடும். வழக்கந்தான். ஒரு கடமையை ஒருவன்மேற் சுமத்தும் சட்டம், அக்கடமையை நிறைவேற்றும் வழியை அவனுக்கு அடைக்கலாகாது என்பது நாம் படித்த சட்டத்தின் அரிச்சுவடி. வழியை அடைத்துவிட்டு, நீ ஏன் வரவில்லை என்று கேட்பதற்குச் சட்டம் என்று பெயரிடுதல் தகுமா?

இவ்வளர்ந்தோர் கல்வி எங்கே நடைபெறுகிறது என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவிலே சமுதாயக் கல்லூரி என்றொரு வகை நிலையம் உண்டு. இன்றும் இயங்கிவரும் அத்தகைய அரசாங்கக் கல்லூரிகளுள் மூத்தது 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜொலியெற் நகரிலே தொடங்கியது. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பரப்பவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஈராண்டுக் கல்வி, குறைந்த கட்டணம், வீட்டிலிருந்தே வந்துபோகலாம், பரீட்சையில் முன்னணியில் நின்றவர்க்கே இடம் என்ற நிபந்தனை இல்லை. பல்கலைக்கழகத்தின் வாயிலில் நின்று திரும்பியவர்க்கென ஏற்பட்ட மறுவாயில் என்று அதனைக் கூறலாம். அந்த மறுவாயிலுக்கும் பின்னால், மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கெரியும் சில அறைகள் உண்டு. நமது விடயம் அவ்வறைகளைப் பற்றியதே.

அவ்வறைகளில் இருப்பவர் யார்? உணவுச்சாலையில் நாள் முழுவதும் பாத்திரங் கழுவியவன்; முதியோர் விடுதியிலே படுத்த படுக்கையாய்க் கிடப்போரைத் தூக்கி நீராட்டியவள்; தன் நாட்டிலே கணக்காளனாக இருந்து இங்கே பண்டகசாலையிற் பெட்டி அடுக்குபவன்; பேரப்பிள்ளை வாய்க்குள் முணுமுணுப்பது என்னவென்று விளங்காத பாட்டி. இவர்களுக்குப் பக்கத்து அறையிலே இன்னொரு கூட்டம். அவர்கள் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். ஆங்கிலமே அவர்தம் தாய்மொழி. ஆயினும் ஒரு பத்தியை வாசித்துப் பொருள் கொள்ள இயலாதவர்கள். 2023ஆம் ஆண்டிற் பல நாடுகளில் நடத்தப்பட்ட வளர்ந்தோர் திறனாய்வில், அமெரிக்க வளர்ந்தோருள் 100க்கு 28 பேர் வாசிப்பிலே மிகக் கீழான படியிலோ அதற்கும் கீழேயோ நின்றனர் எனக் காணப்பட்டது. 2017இல் அத்தொகை 100க்கு 19. சந்திரனில் மனிதனை இறக்கிய நாட்டின் கணக்கு இது. எனவே, வளர்ந்தோர் கல்வி என்பது குடியேறிகளுக்கு இடும் பிச்சை என்று பேசுவோர், தம் சொந்த அயலவனையே மறந்து பேசுகின்றனர்.

வகுப்பிற் கற்பிப்பது யாது? சேக்ஸ்பியர் அல்ல. தன் பெயரும் விலாசமும் எழுதுதல். வைத்தியரிடம் எங்கே நோகிறது, எத்தனை நாளாய் நோகிறது என்று சொல்லுதல். மருந்துக் குப்பியின் மேலுள்ள குறிப்பை வாசித்தல். பிள்ளையின் பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தை விளங்குதல். வாடகை உடன்படிக்கையை விளங்குதல். கடைசியாகக் கூறியதிற் சற்று நிற்போம். கையொப்பமிட்டவன் தான் வாசிக்கவில்லை என்று கூறித் தப்பமுடியாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய விதி. 1934இல் ஒரு சிறு கடைக்காரி சிகரெற் விற்கும் பொறியொன்றை வாங்கிய வழக்கிலே அது மறுபடி உறுதியாக்கப்பட்டது. அமெரிக்க நீதிமன்றங்களும் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன. வஞ்சனை இருந்தாலன்றி, வாசிக்கத் தெரியாமை ஒரு விடுதலையன்று. அப்படியாயின், வாசிக்கத் தெரியாத ஏழை ஒவ்வொரு முறை பேனாவைத் தொடும்போதும் தன் கூலியையோ வீட்டையோ பணயம் வைக்கிறான். அவனுக்கு எழுத்தறிவிப்பது தர்மமன்று. அவன் செய்யும் ஒப்பந்தங்களை ஒப்பந்தங்கள் என்று அழைப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச நியாயம்.

இதற்கென ஒரு சட்டமும் உண்டு. 1964இல் ஜனாதிபதி ஜோன்சன் வறுமைக்கெதிராகத் தொடுத்த போரின் பகுதியாக இக்கல்விக்குச் சமஷ்டிப் பணம் முதலில் வந்தது. 1966இல் வளர்ந்தோர் கல்விச் சட்டம் பிறந்தது. பெயர் மாறி வடிவம் மாறி இப்பொழுது 2014ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் இரண்டாம் பகுதியாக நிலவுகிறது. 16 வயதுக்கு மேற்பட்டு, பாடசாலையிற் பதிவில்லாது, அடிப்படைத் திறனோ ஆங்கிலமோ குறைந்தவர் எவரும் இதிற் சேரத்தக்கவர். மாநிலங்களும் தம் பங்கை இடவேண்டும். சில மாநிலங்கள் வேண்டியதற்கு மேலாக மனமுவந்து இடுகின்றன. சில, சட்டம் கேட்ட குறைந்த தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணி வைக்கின்றன. வாஷிங்டன் மாநிலம், வட கரோலினா ஆகியவற்றிலே இவ்வகுப்புகள் சமுதாயக் கல்லூரிகளின் பொறுப்பில் உள்ளன. கலிபோர்ணியாவில் வளர்ந்தோர் பாடசாலைகளும் சமுதாயக் கல்லூரிகளும் அவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே கல்லூரிகளின் புள்ளியிடப்படாத ஆங்கில வகுப்புகளுக்குக் கட்டணமே இல்லை.

இவ்வகுப்புகளை மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும், வாஷிங்டன் நகரம் ஏன் தலையிடவேண்டும் என்பது இப்போது கூறப்படும் நியாயம். சமஷ்டி முறையின் மேன்மையை மறுப்பவர்கள் நாம் அல்லர். அதனை எத்தனையோ மேடைகளில் எடுத்துரைத்தவர்கள். ஆனால் சமஷ்டி என்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரமன்று. அரசகரும மொழியைப் பிரகடனஞ் செய்தது மாநிலமா? பிரசாவுரிமை கேட்பவனுக்கு ஆங்கிலப் பரீட்சை வைப்பது மாநிலமா? 1906ஆம் ஆண்டுச் சட்டம், பிரசையாக விரும்புபவன் ஆங்கிலம் பேசவேண்டும் என்றது. 1950ஆம் ஆண்டுச் சட்டம், வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்று மேலும் இறுக்கிற்று. முதியோர்க்குச் சில விலக்குகள் உண்டு. 50 வயதுடன் 20 ஆண்டு நிரந்தர வதிவோ, 55 வயதுடன் 15 ஆண்டு வதிவோ உடையவர் தம் மொழியிலே குடியியற் பரீட்சை எழுதலாம். ஏனையோரிற் பெரும்பாலார்க்கு ஆங்கிலமே. இவ்வளவையும் கட்டளையிட்டவர் சமஷ்டி அரசாங்கத்தார். கேட்பவர் அவர், கொடுப்பவர் வேறொருவர் என்பது எந்தச் சமஷ்டி?

எழுத்தறிவைக் காட்டி உரிமையை மறுப்பது அந்நாட்டில் ஒரு பழைய வித்தை என்பதை மறக்கலாகாது. தென் கரோலினாவின் கரையோரத்திலே ஜோன்ஸ் தீவு என்றொரு தீவு. அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினாலன்றி அங்குள்ள கறுப்பின ஏழைக்கு வாக்குரிமைப் பதிவு இல்லை. எசோ ஜென்கின்ஸ் என்பவர் அத்தீவிலிருந்து சார்ள்ஸ்ரன் நகருக்கு வேலைக்குச் செல்வோரைத் தம் பஸ் வண்டியில் ஏற்றிச் செல்பவர். வழியிலேயே அவர்களுக்கு அரசியலமைப்பை ஓதுவித்தார். 1957 சனவரியில் அங்கே ஒரு வகுப்பு தொடங்கியது. முன்னறையில் மளிகைச் சாமான், பின்னறையிற் பாடம். வெள்ளையர் கண்ணிற் படாதிருக்கவே அந்த ஏற்பாடு. கறுப்பின முன்னேற்றச் சங்கத்தில் அங்கத்துவம் வகித்ததற்காக முந்திய ஆண்டில் ஆசிரியப் பதவி இழந்த செப்ரிமா கிளார்க் அம்மையார் அம்முயற்சியின் உயிர்நாடி. ஆனால் வகுப்பிற் கற்பித்தவர் அவரல்லர். பெர்னிஸ் றொபின்சன் என்னும், கூந்தல் ஒப்பனைத் தொழில் செய்த பெண்மணி. பயின்ற ஆசிரியர் வந்தால் வளர்ந்தவர்களைக் குழந்தைகளாக நடத்திவிடுவார் என்று அஞ்சியே அவரைத் தெரிந்தனர். அவர் முதல் நாளன்று பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. உங்களுக்கு என்ன கற்கவேண்டும் என்று கேட்டார். தம் பெயரெழுத, தபாற்கட்டளை நிரப்ப, அந்த அரசியலமைப்புப் பகுதியை வாசிக்க என்றனர். அதுவே பாடத்திட்டம் ஆயிற்று. சில ஆண்டுகளில் அந்த வகுப்பு தென் மாநிலங்கள் எங்கும் பரவி, மார்ட்டின் லூதர் கிங் தலைமைவகித்த இயக்கத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அந்த வாசிப்புப் பரீட்சைகளை முறித்தது. வளர்ந்தோர் கல்வியைக் கைத்தொழில்களுக்கு ஆள் சேர்க்கும் கருவியாக மட்டும் எண்ணுவோர்க்கு இக்கதை ஒருபோதும் நினைவுக்கு வருவதில்லை.

நீதிமன்றங்களும் இவ்விடயத்தில் வாய் திறந்துள்ளன. 1974இல், சான் பிரான்சிஸ்கோ நகரப் பாடசாலைகளில் ஆங்கிலம் அறியாத ஏறக்குறைய 1,800 சீனப் பிள்ளைகள் எவ்வித தனிப் போதனையுமின்றி விடப்பட்டிருந்தமை பற்றிய வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே அறை கொடுத்தோம். இதில் ஓரவஞ்சனை எங்கே என்றனர் அதிகாரிகள். மொழி விளங்காதவனுக்கு ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவமாகாது என்று நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்த்தனர். 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டத்தின்மேல் எழுந்த தீர்ப்பு அது. ஆனால் அதன் நிழல் பாடசாலைப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது. பிள்ளைக்கு உரிமை, அப்பிள்ளையின் தாய்க்கு, இடமிருந்தால் வகுப்பு, இல்லையேல் காத்திருப்போர் பட்டியல். ஐந்து வயதுப் பிள்ளை ஆங்கிலங் கற்பதற்கு வழக்குத் தொடுக்கலாம். நாற்பது வயதுத் தாய் தொடுக்க முடியாது. சட்டத்தில் இவ்வளவு பெரிய ஓட்டை இருப்பதை அந்நாட்டு நியாயவாதிகள் இத்தனை காலம் எவ்வாறு பொறுத்திருந்தனரோ!

இக்கல்வியில் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. இதன் ஆசிரியர்களிற் பெரும்பாலார் பகுதிநேரத்தவர். ஓய்வூதியமில்லை, அடுத்த தவணைக்கு வேலை உண்டா என்ற நிச்சயமுமில்லை. மாணவர் வருவர், வேலை நேரம் மாறியதும் மறைவர்; பிள்ளையைப் பார்க்க ஆளில்லாது மறைவர்; பஸ் வண்டி நின்றுபோனால் மறைவர். ஆறு படிகளாக வகுத்த அளவையில், பரீட்சைத் தாளில் எத்தனை பேர் ஒரு படி ஏறினர், எத்தனை பேர் வேலை பெற்றனர் என்று கணக்கெடுத்து, அதன்படியே நிலையங்களை மதிக்கின்றனர். மருந்துக் குப்பியை வாசிக்கக் கற்ற பாட்டி வேலை தேடப்போவதில்லை. ஆகையால் அக்கணக்கிலே அவள் ஒரு பாரம். அவளைச் சேர்க்காத நிலையம் சிறந்த நிலையமாகக் காட்சியளிக்கும். இதைப் போன்ற கணக்கை எழுதியவர் கந்தோர் மேசையை விட்டு எழுந்து ஒரு மாலை வகுப்பைப் பார்த்தவராக இருக்கமுடியாது.

வேலையோடு சேர்த்துக் கற்பிப்பதில் நன்மை இல்லாமலில்லை. வாஷிங்டன் மாநிலம் 2004இல் ஒரு பரீட்சார்த்தம் தொடங்கியது. ஆங்கிலத்தை முதலில் முடி, பிறகு தொழில் கற்கலாம் என்பது பழைய வழி. அவ்வழியில் ஆங்கிலமே முடியாது வாழ்நாள் கழிந்தவர் அநேகர். புதிய வழியில் ஒரே வகுப்பறையில் இரண்டு ஆசிரியர். ஒருவர் தாதிமார்க்கு உதவும் தொழிலையோ ஒட்டுவேலையையோ கற்பிப்பார், மற்றவர் அத்தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தையும் கணக்கையும் அதே வேளையிற் கற்பிப்பார். இரண்டு ஆசிரியருக்குச் செலவு கூடுதலன்றோ? ஆம், அதனால் அம்மாநிலம் ஒரு மாணவனை 1.75 மாணவனாகக் கணக்கிட்டுக் கல்லூரிக்குப் பணம் கொடுத்தது. இவ்வாறு கற்றவர் மற்றையோரிலும் மிகுதியாகச் சான்றிதழ் பெற்றனர் என்று கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டனர். பணம் போட்டால் பலன் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? இத்திட்டத்தை எந்தக் கட்டளையும் பிறப்பிக்கவில்லை. கல்லூரி ஆசிரியர்களும் ஒரு மாநில நிருவாகமும் அமைதியாக இருந்து செய்தனர்.

இச்செய்தியை நம் வாசகர் அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் வாசிக்கமாட்டார் என்பதை அறிவோம். ஒரு மொழியைச் சட்டத்தால் ஏற்றிவைத்து, அதில் வளர்ந்தவர்களைப் பரீட்சைக்கு இழுத்த அனுபவம் நமக்கு உண்டு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், திறைசேரிச் சுற்றுநிருபமொன்று, சிங்களப் பரீட்சையிற் சித்தியெய்தாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்தை நிறுத்திற்று. 1962இல் அவ்வாறு ஏற்றம் மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது; 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளங் கோரி வழக்கிட முடியாதென்று அதனைத் தள்ளிற்று; 1969இல் கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு அமைந்ததா என்ற வினாவுக்கு எந்த மேல் நீதிமன்றமும் விடை கூறவில்லை. 1972இல் அரசியலமைப்பே மாறிற்று, வினாவும் புதைந்தது. அமெரிக்க ஆங்கிலத்தையும் இலங்கையின் தனிச் சிங்களத்தையும் ஒன்றென நாம் கூறவில்லை. ஆங்கிலம் அங்கே குடியேறிகள் விரும்பி ஓடிச்சென்று கற்கும் மொழி. இங்கே நம்மவர் தம் சொந்த மண்ணிலே, தம் சொந்த மொழியைக் கைவிடுமாறு கேட்கப்பட்டனர். ஒப்புமை ஒன்றே: கட்டளையிடும் கை கடிதில் நீளும், கற்பிக்கும் கை நீளுவதில்லை.

நம்மவர் பலர் நியூ யோர்க் நகரின் ஸ்ரேற்றன் தீவிலும், ரொறன்ரோவிலும், பிறவிடங்களிலும் இத்தகைய வகுப்பு வாங்குகளில் இருந்தவர்களே. கனடா 1992 முதல் சமஷ்டிப் பணத்திற் புதிதாய் வந்தோர்க்கு மொழி வகுப்பு நடத்திவந்துள்ளது. ஆனால் அகதியென ஏற்கப்பட்டவர்க்கும் நிரந்தர வதிவு பெற்றவர்க்குமே அது. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருந்தவர், தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க மொழி மிகத் தேவையான அந்த மாதங்களிலேதான், அவ்வகுப்பின் வெளியே நின்றனர்.

அமெரிக்காவிலும் இத்தகைய வேலி எழுப்பப்பட்டது. 1996ஆம் ஆண்டு நலன்புரிச் சட்டம், பதிவற்ற குடியேறிகளுக்குச் சமஷ்டி நன்மைகள் பலவற்றை மறுக்கிறது. வகுப்பிற் கல்வி பெறுவது அத்தகைய நன்மையன்று என்று 1997 முதல் கல்வித் திணைக்களம் கருதிவந்தது. 2025 யூலையில் அந்த விளக்கம் புரட்டப்பட்டு, வளர்ந்தோர் கல்வியும் தடுக்கப்பட்ட நன்மைகளுட் சேர்க்கப்பட்டது. பல மாநிலங்கள் நீதிமன்றஞ் சென்றன. செப்டெம்பரில் ஒரு சமஷ்டி நீதிபதி, வழக்குத் தொடுத்த மாநிலங்களின் அளவில் இடைக்காலத் தடை விதித்தார். வழக்குத் தொடாத மாநிலத்திலே வாழும் ஏழைக்கு அத்தடையால் யாதொரு பயனும் இல்லை. ஆங்கிலம் தெரியாதவர் நாட்டுக்குப் பாரம் என்று கூறுவதும், அவர் ஆங்கிலங் கற்க வரும்போது கடவுச்சீட்டைக் காட்டு என்று கேட்பதும் ஒரே வாயிலிருந்தா வருவது? ஆங்கில ஆசிரியை குடிவரவு அதிகாரியின் வேலையையும் செய்யவேண்டுமாயின், அவள் வகுப்புக்குப் பதிவில்லாதவன் மட்டுமன்று, பதிவுடைய அவன் தமையனும் வரமாட்டான்.

காங்கிரஸ் செய்யத்தக்கது பெரிதொன்றுமன்று. எந்தச் சட்டமோ கட்டளையோ ஒருவனிடம் ஆங்கிலங் கேட்கிறதோ, அதனாற் கேட்கப்பட்டவனுக்கு, தன் ஊருக்கு எட்டிய தூரத்தில், வேலை முடிந்த நேரத்தில், குறித்த மாதங்களுக்குள் ஒரு வகுப்பில் இடம் பெறும் உரிமையை எழுத்தில் வைக்கவேண்டும்; இடம் கிடையாதவன் அதனைக் காரணங்காட்டிப் பரீட்சையைத் தள்ளிவைக்கவும் வழி வேண்டும். 72 கோடி டொலர் என்பது அந்நாட்டின் சமஷ்டிச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தொகையை இருமடங்காக்கினாலும் திறைசேரிக்குத் தெரியாது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குத் தெரியும்.